கல்லூரி வாயிலை நோக்கி

நுழையும்முன்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த பின்னரே கல்லூரியைப் பற்றி எண்ணத் தொடங்குவது நம்மிடையே உள்ள வழக்கம். தேர்வு முடிவு வெளிவரும் நாளுக்கும் விண்ணப்பத்தின் இறுதி நாளுக்கும் இடையே கிடைக்கும் காலம் மிகக் குறைவு. அக்குறுகிய காலத்தில் வாழ்நாள் முழுமைக்கும் உரிய முடிவை எடுக்கும் நெருக்கடிக்குப் பல குடும்பங்கள் ஆளாகின்றன. பதினொன்றாம் வகுப்பில் அடியெடுத்து வைத்திருக்கும் மாணவர்க்கோ இரண்டு முழு ஆண்டுகள் கையில் உள்ளன. அவற்றை எவ்வாறு பயன்படுத்துவது என்பதைப் பற்றிப் பேசுகிறது இக்கட்டுரை.

ஒரு வீட்டின் மாலைப்பொழுது

ஒரு சிற்றூரை எண்ணிப் பாருங்கள். அவ்வூர்ப் பெண் ஒருத்தி பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறாள். அவளுடைய தந்தை குத்தகை நிலத்தில் நெல் பயிரிடுபவர். தாய் நூறு நாள் வேலைக்குச் செல்பவர். இருவரும் கல்லூரியின் உள்ளே சென்றறியாதவர்கள். மகளைப் படிக்க வைக்க வேண்டும் என்னும் விருப்பம் இருவருக்கும் உண்டு. ஆயினும் எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி, எவ்வளவு செலவு, யாரிடம் கேட்பது என்பவற்றுள் ஒன்றும் அவர்களுக்குத் தெரியாது. தந்தை தம் தயக்கத்தை மகளிடம் சொல்வதில்லை. மகள் தன் விருப்பத்தைத் தந்தையிடம் சொல்வதில்லை. ஒருவர் மீது மற்றவர் கொண்ட அன்பே இருவரையும் வாய் திறக்கவிடாமல் செய்கிறது. இதற்கிடையில் விண்ணப்பத்தின் இறுதி நாள் கடந்துவிடுகிறது. "அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம்" என்று அவள் அருகிலுள்ள கடை ஒன்றில் வேலைக்குச் சேர்கிறாள். அடுத்த ஆண்டு அவளுக்கு வருவதேயில்லை.

இங்கே அறிவுக்கோ அன்புக்கோ குறைவில்லை. உரிய செய்தி உரிய காலத்தில் கிடைக்கவில்லை. வீட்டில் மனம் திறந்த பேச்சு நிகழவில்லை. இவ்விரண்டையும் சரிசெய்வதே உயர்கல்விக்கான ஆயத்தத்தின் தொடக்கமாகும்.

வழி திறந்த வரலாறு

கல்லூரிக் கல்வி ஒரு காலத்தில் மிகச் சிலருக்கே உரியதாக இருந்தது. 1857ஆம் ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டபோது பெண்கள் பட்டம் பெறுவதைப் பற்றி நினைத்தவர் அரிது. புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு பிறந்த முத்துலட்சுமி, அக்கால வழக்கத்தின்படி பள்ளியைவிட்டு நின்று, வீட்டிலிருந்தே கற்று மெட்ரிகுலேஷன் தேர்வில் வென்றார். ஆடவர் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் அவர் சேர முயன்றபோது எதிர்ப்பு எழுந்தது. புதுக்கோட்டை மன்னரின் இசைவால் அவருக்கு இடம் கிடைத்தது. 1907ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912ஆம் ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றார். சென்னை அடையாற்றில் 1954ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட புற்றுநோய் மருத்துவமனை அவருடைய முயற்சியின் பயனாகும்.

ஒரு பெண் கல்லூரியில் சேர மன்னரின் இசைவு வேண்டியிருந்த காலம் அது. இன்று எத்தனையோ கல்லூரிகள் நம் ஊர்களுக்கு அருகிலேயே இருக்கின்றன, உதவித்தொகைகள் இருக்கின்றன, இடஒதுக்கீடு இருக்கிறது. எனினும் திறந்திருக்கும் வாயில் எங்கே உள்ளது என்று அறியாதவருக்கு அது மூடிய வாயிலைப் போன்றதே. எனவே, வழியை அறிந்துகொள்வது மாணவரின் முதற்கடமையாகிறது.

விருப்பத்தை அறிதல்

"என்ன படிக்கப் போகிறாய்?" என்னும் வினாவை மாணவர்கள் எல்லாரும் எதிர்கொள்கின்றனர். பெரும்பாலோர் கூறும் விடை தம்முடையதாக இருப்பதில்லை. உறவினர் ஒருவர் கூறியது, நண்பர் தேர்ந்தெடுத்தது, அண்டை வீட்டு அண்ணன் படித்து வேலை பெற்றது என்று பிறருடைய விடைகளே அவர்கள் நாவிலிருந்து வருகின்றன.

தம் விருப்பத்தை அறிய எளிய வழிகள் உள்ளன. எந்தப் பாடத்தைத் தேர்வு அச்சமின்றியும் படிக்கத் தோன்றுகிறது என்று கவனிக்க வேண்டும். ஒரு பாடத்தில் மதிப்பெண் மிகுதியாகப் பெறுவதும் அப்பாடத்தை விரும்புவதும் வேறு வேறு என்பதை உணர வேண்டும். விரும்பும் துறையில் பணியாற்றும் ஒருவரைச் சந்தித்து, அவருடைய ஒரு நாள் எவ்வாறு கழிகிறது என்று கேட்டறிய வேண்டும். செவிலியர் இரவுப் பணியில் என்ன செய்கிறார், கட்டடப் பொறியாளர் வெயிலில் எத்தனை மணி நேரம் நிற்கிறார், வழக்கறிஞர் நீதிமன்றத்துக்கு வெளியே எவ்வளவு படிக்கிறார் என்பனவற்றை அறிந்த பின்னும் விருப்பம் குன்றாமல் இருந்தால், அவ்விருப்பம் உறுதியானது என்று கொள்ளலாம்.

பதினொன்றாம் வகுப்பில் தேர்ந்தெடுத்த பாடப்பிரிவு சில வாயில்களைத் திறக்கிறது, சிலவற்றை மூடுகிறது. கணிதம், இயற்பியல், வேதியியல் பயில்வோர் பொறியியலுக்குச் செல்லலாம். உயிரியல் பயில்வோர்க்கு மருத்துவம், செவிலியம், மருந்தியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம் முதலிய துறைகள் உள்ளன. வணிகவியல் பயில்வோர் பட்டயக் கணக்காளர் தேர்வின் முதல் நிலைக்கு ஆயத்தமாகலாம். ஐந்தாண்டுச் சட்டப்படிப்பு எப்பாடப்பிரிவினருக்கும் உரியது. தமிழ், ஆங்கிலம், வரலாறு, பொருளியல் முதலிய இளங்கலைப் படிப்புகளும் அனைவரையும் வரவேற்கின்றன. தம் பாடப்பிரிவு தமக்குத் தரும் வழிகளை ஒரு தாளில் எழுதிப் பார்க்கும் மாணவர், தாம் எண்ணியதைக் காட்டிலும் அவை மிகுதி என்பதைக் கண்டு வியப்பர்.

மதிப்பெண்ணின் கணக்கு

ஒவ்வொரு படிப்புக்கும் மாணவரைத் தேர்ந்தெடுக்கும் முறை வேறுபடுகிறது. தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அடிப்படை. 2006ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டத்தின் வழியாக அதற்கான மாநில நுழைவுத்தேர்வு நீக்கப்பட்டது. கிராமப்புற மாணவர்கள் நகர்ப்புறப் பயிற்சி மையங்களைத் தேடிச் செல்ல இயலாத நிலையே அம்முடிவுக்குக் கூறப்பட்ட முதன்மைக் காரணமாகும்.

பொறியியல் தரவரிசை மதிப்பெண் 200க்குக் கணக்கிடப்படுகிறது. கணிதம் 100க்கும், இயற்பியலும் வேதியியலும் தனித்தனியே 50க்கும் கொள்ளப்படுகின்றன. ஒரு மாணவர் கணிதத்தில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 90 பெற்றார் எனில், அவருடைய தரவரிசை மதிப்பெண் 92 + 42 + 45 = 179 ஆகும். அவர் இயற்பியலில் மேலும் நான்கு மதிப்பெண் பெற்றிருந்தால் 181 ஆகியிருக்கும். அதே நான்கு மதிப்பெண்ணைக் கணிதத்தில் பெற்றிருந்தால் 183 ஆகியிருக்கும். எப்பாடத்திற்கு எவ்வளவு நேரம் ஒதுக்குவது என்பதை இக்கணக்கே காட்டிவிடுகிறது.

மருத்துவம், பல் மருத்துவம், சித்த மருத்துவம் ஆகியவற்றுக்கு நீட் எனப்படும் தேசிய நுழைவுத்தேர்வு வேண்டும். இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவற்றிலிருந்து 720 மதிப்பெண்ணுக்கு வினாக்கள் கேட்கப்படுகின்றன. சரியான விடைக்கு நான்கு மதிப்பெண் வழங்கப்படும். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் குறைக்கப்படும். தமிழிலும் இத்தேர்வை எழுதலாம். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள், திருச்சிராப்பள்ளியிலுள்ள தேசியத் தொழில்நுட்பக் கழகம் போன்றவற்றில் சேர விரும்புவோர் ஜே.இ.இ. தேர்வு எழுத வேண்டும். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்குக் கிளாட் தேர்வும், திருவாரூரிலுள்ள மத்தியப் பல்கலைக்கழகம் போன்றவற்றுக்கு 2022ஆம் ஆண்டு அறிமுகமான கியூட் தேர்வும் உள்ளன.

இங்கு ஒன்றை மறத்தலாகாது. நீட், ஜே.இ.இ. ஆகிய தேர்வுகளின் வினாக்கள் பதினொன்று, பன்னிரண்டு ஆகிய இரு வகுப்புப் பாடங்களிலிருந்தும் அமைகின்றன. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தைப் புறக்கணித்துவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தை மட்டும் படிப்பவர், நுழைவுத்தேர்வுப் பாடத்தில் பெரும்பகுதியை இழந்தே தேர்வறைக்குள் நுழைகிறார். கல்லூரியின் முதலாண்டுப் பாடங்களும் இவ்வாண்டின் அடிப்படைகள் மீதே எழுகின்றன.

விருப்பப் பட்டியல்

பொறியியல் கலந்தாய்வு 2018ஆம் ஆண்டு முதல் இணையவழியில் நடைபெறுகிறது. மாணவர் தாம் சேர விரும்பும் கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் வரிசைப்படுத்திப் பட்டியலிட வேண்டும். நல்ல மதிப்பெண் பெற்றும் சிலர் தடுமாறும் இடம் இதுவே.

பட்டியல் செயற்படும் முறையை விளங்கிக்கொண்டால் அச்சம் நீங்கும். கணினி, தரவரிசையில் முன்னிற்கும் மாணவரிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராக எடுத்துக்கொள்கிறது. ஒரு மாணவருடைய முறை வரும்போது, அவருடைய பட்டியலின் முதல் விருப்பத்தைப் பார்க்கிறது. அங்கு இடம் இருந்தால் அதனை ஒதுக்குகிறது. இல்லையெனில் இரண்டாம் விருப்பத்திற்குச் செல்கிறது. பின்னர் மூன்றாம் விருப்பத்திற்குச் செல்கிறது. இடம் உள்ள முதல் விருப்பமே அவருக்குக் கிடைக்கும்.

இதிலிருந்து மூன்று உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, கிடைப்பது அரிது என்று எண்ணும் கல்லூரியை முதலில் எழுதுவதால் இழப்பு ஏதும் இல்லை. அது கிடைக்காவிட்டால் கணினி அடுத்த விருப்பத்திற்குத்தான் செல்லும். அடுத்த விருப்பம் அதனால் கைநழுவிப் போவதில்லை. இரண்டாவது, "இது எப்படியும் கிடைத்துவிடும்" என்று எளிதில் கிடைக்கும் கல்லூரியை முதலில் எழுதினால், அதுவே கிடைத்துவிடும். கீழே எழுதிய சிறந்த கல்லூரியைக் கணினி பார்க்கவே பார்க்காது. மூன்றாவது, நான்கைந்து விருப்பங்களோடு பட்டியலை முடித்துக்கொள்பவர் எவ்விடமும் பெறாமல் போக நேரலாம். எனவே, உண்மையான விருப்பத்தின் வரிசையிலேயே நீண்ட பட்டியலை அமைக்க வேண்டும். முந்தைய ஆண்டுகளில் ஒவ்வொரு கல்லூரியிலும் எந்தத் தரவரிசை மதிப்பெண் வரை இடம் கிடைத்தது என்பதைப் பார்த்து, அதற்குச் சற்று மேலும் கீழுமாக உள்ளவற்றைச் சேர்க்கலாம்.

பட்டியலைப் பிறரிடம் ஒப்படைத்துவிடுதல் கூடாது. கணினி மையத்தில் அமர்ந்து யாரோ ஒருவர் விரைந்து தட்டச்சு செய்யும் வரிசை, நான்காண்டுக் கல்வியை முடிவு செய்துவிடும். தாளில் எழுதி, வீட்டாருடனும் ஆசிரியருடனும் பேசித் திருத்திய பின்னரே பதிவு செய்ய வேண்டும். தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு குறித்த நாளுக்குள் அதனை உறுதி செய்வதும் மாணவரின் பொறுப்பாகும். உறுதி செய்யத் தவறியவர் பெற்ற இடத்தையும் இழப்பர்.

சான்றிதழ்கள் என்னும் சாவிகள்

உயர்கல்விச் சேர்க்கையில் மதிப்பெண் பட்டியலுக்கு இணையான மதிப்புடையவை சான்றிதழ்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றை வருவாய்த் துறை வழங்குகிறது. இ-சேவை மையங்களின் வழியாக இவற்றுக்கு விண்ணப்பிக்கலாம்.

சேர்க்கைக் காலத்தில் இம்மையங்களில் கூட்டம் நெருக்கித் தள்ளும். பிறப்புச் சான்றிதழ், ஆதார் அட்டை, பள்ளிப் பதிவேடு, சாதிச் சான்றிதழ் ஆகியவற்றில் பெயரோ முன்னெழுத்தோ பிறந்த தேதியோ மாறுபட்டிருந்தால், திருத்துவதற்குப் பல நாள்கள் ஆகும். மே மாதத்தில் ஒரு வீட்டையே அலைக்கழிக்கும் அப்பிழையைப் பதினொன்றாம் வகுப்பிலேயே கண்டுபிடித்தால் அமைதியாகத் திருத்திக்கொள்ளலாம். பெற்றோருடன் அமர்ந்து எல்லா ஆவணங்களையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது ஒரு மாலைப்பொழுதின் வேலை.

தெரியுமா?

தமிழ்நாட்டில் கல்வி நிறுவனங்களில் 69 விழுக்காடு இடஒதுக்கீடு நடைமுறையில் உள்ளது. பிற்படுத்தப்பட்டோர்க்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர்க்கு 20, ஆதிதிராவிடர்க்கு 18 (இதில் அருந்ததியர்க்கு 3), பழங்குடியினர்க்கு 1 என அது பகுக்கப்பட்டுள்ளது. எஞ்சிய 31 விழுக்காடு பொதுப்பிரிவாகும். அதில் எல்லாப் பிரிவினரும் தரவரிசைப்படி இடம் பெறலாம். அரசுப் பள்ளிகளில் 6ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை பயின்றோர்க்கு மருத்துவப் படிப்பில் 2020ஆம் ஆண்டிலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய தொழிற்படிப்புகளில் 2021ஆம் ஆண்டிலும் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு வழங்கப்பட்டது.

பணத்தைப் பற்றிய பேச்சு

வீட்டில் பேசத் தயங்கும் பொருள்களுள் முதன்மையானது பணம். பிள்ளைகளிடம் வறுமையைச் சொல்லக் கூடாது என்று பெற்றோர் எண்ணுகின்றனர். பெற்றோரை வருத்தக் கூடாது என்று பிள்ளைகள் எண்ணுகின்றனர். இவ்விரு எண்ணங்களும் நல்லெண்ணங்களே. ஆயினும் அவற்றின் விளைவு நன்றாக அமைவதில்லை. கல்லூரியில் சேர்ந்து ஈராண்டு கழித்துக் கட்டணம் செலுத்த இயலாமல் திகைப்பதைக் காட்டிலும், இன்றே கணக்கிட்டுப் பார்ப்பது நன்று.

கணக்கிடும்போது கல்விக் கட்டணத்தை மட்டும் கருதினால் போதாது. விடுதி, உணவு, பேருந்து, நூல்கள், ஆய்வகப் பொருள்கள், தேர்வுக் கட்டணம் ஆகியவற்றையும் சேர்த்து, அத்தொகையைப் படிப்பின் ஆண்டுகளால் பெருக்க வேண்டும். அதன் பின்னர்க் கிடைக்கக்கூடிய உதவிகளைக் கழிக்க வேண்டும்.

உதவிகள் பல உள்ளன. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெறப் போகிறவர், ஒற்றைச்சாளர முறையில் தொழிற்படிப்பில் சேர்ந்தால் அவருக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வியில் சேரும் மாணவியர்க்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் தொடங்கப்பட்டது. மாணவர்க்கு அவ்வாறே வழங்கும் தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் 9ஆம் நாள் தொடங்கப்பட்டது. 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் தொழிற்படிப்பில் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்க்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பின் உதவித்தொகை உண்டு. அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் கட்டணம் மிகக் குறைவு.

இவற்றுக்குப் பின்னும் பற்றாக்குறை இருப்பின் கல்விக்கடன் ஒரு வழி. 4 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு வங்கிகள் சொத்துப் பிணை கேட்பதில்லை. பெற்றோர் உடன்கடனாளியாகக் கையொப்பமிட வேண்டும். படிப்புக் காலத்தில் தவணை செலுத்த வேண்டியதில்லை என்பதால் கடன் வளராமல் நிற்கும் என்று எண்ணிவிடக் கூடாது. வட்டி 10 விழுக்காடு எனக் கொண்டால், 4 லட்சம் ரூபாய்க்கு ஓராண்டு வட்டியே 40,000 ரூபாய் ஆகும். ஆகவே, தேவைக்கு மேல் ஒரு ரூபாயும் கடன் பெறாதிருப்பதும், அந்தக் கடனைத் திருப்பிச் செலுத்தும் வருவாயை அப்படிப்பு தருமா என்று ஆராய்வதும் இன்றியமையாதவை.

கல்லூரியைத் தேர்தல்

விளம்பரப் பலகையிலுள்ள கட்டடத்தைக் கண்டு கல்லூரியைத் தேர்ந்தெடுத்தல் ஆகாது. அக்கல்லூரி எப்பல்கலைக்கழகத்துடன் இணைந்தது, உரிய மன்றத்தின் ஏற்பு உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். பொறியியலுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவும், சட்டத்திற்கு இந்திய வழக்கறிஞர் மன்றமும், மருத்துவத்திற்குத் தேசிய மருத்துவ ஆணையமும் ஏற்பு வழங்குகின்றன. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலைப் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்டு வருகிறது. 1994ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தேசியத் தர மதிப்பீட்டுக் குழு வழங்கும் தரநிலையையும் அறிந்துகொள்ளலாம்.

இயன்றால் கல்லூரிக்கு நேரில் சென்று வர வேண்டும். நூலகம் மாலையில் எத்தனை மணி வரை திறந்திருக்கும், ஆய்வகத்தில் ஒரு கருவியைச் சுற்றி எத்தனை மாணவர் நிற்கின்றனர், விடுதியில் குடிநீர் கிடைக்கிறதா என்பன போன்ற சிறு வினாக்களுக்கு விளம்பரம் விடை தருவதில்லை. அங்குப் பயிலும் மூன்றாமாண்டு மாணவர் விடை தருவார்.

பெண் பிள்ளைகளைத் தொலைவிலுள்ள கல்லூரிக்கு அனுப்பப் பெற்றோர் அஞ்சுவது இயல்பு. அவ்வச்சத்தை நகைப்பதாலோ, அதற்குப் பணிந்து விருப்பத்தைத் துறப்பதாலோ பயனில்லை. விடுதியையும் பேருந்து நேரத்தையும் பெற்றோர் நேரில் பார்த்து வரச் செய்தல், அங்குப் பயிலும் பெண்களின் பெற்றோருடன் பேசச் செய்தல் ஆகியவை அச்சத்தைக் குறைக்கும். பகடிவதை என்னும் கொடுமையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டுள்ளது. அதற்கு ஆளாவோர் அஞ்சாமல் முறையிடும் உரிமையுடையவர் என்பதை மாணவரும் பெற்றோரும் அறிந்திருத்தல் வேண்டும்.

கற்கும் முறையில் மாற்றம்

பள்ளியில் ஆசிரியர் குறிப்புகளை எழுதச் செய்வார், திரும்பத் திரும்பத் தேர்வு வைப்பார், படிக்காதபோது கண்டிப்பார். கல்லூரியில் இவை பெரிதும் குறைந்துவிடும். ஆறு மாதத்திற்கு ஒரு பருவம் என்னும் முறையில் பாடங்கள் விரைந்து செல்லும். தன்னைத்தானே நடத்திச் செல்லும் பழக்கம் இல்லாதவர் முதற்பருவத்திலேயே பின்தங்க நேரும்.

அப்பழக்கத்தை இப்போதே தொடங்கலாம். ஆசிரியர் பேசும்போது தம் சொற்களில் குறிப்பெடுத்தல், பாடநூலுக்கு வெளியே ஒரு நூலையேனும் திங்கள்தோறும் படித்தல், ஒரு வாரத்தின் வேலையைத் தாமே திட்டமிடல் ஆகிய மூன்றும் போதும். தமிழ்வழியில் பயில்வோர் ஆங்கிலத்தை எண்ணிக் கலங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பாடத்திலும் கலைச்சொற்களை இரு மொழியிலும் குறித்து வைத்துக்கொண்டால், ஈராண்டில் ஒரு சிறு அகராதியே உருவாகிவிடும். பாடத்தின் பொருளைத் தாய்மொழியில் தெளிவாக உணர்ந்தவருக்குப் பிறமொழிச் சொற்கள் மட்டுமே புதியவை, கருத்து புதிதன்று. அண்ணா பல்கலைக்கழகம் 2010ஆம் ஆண்டில் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் அறிமுகப்படுத்தியதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

விடுதி வாழ்வுக்கும் ஆயத்தம் தேவை. தம் துணியைத் தாம் துவைத்தல், எளிய உணவு சமைத்தல், வங்கிக் கணக்கைக் கையாளுதல், மாதச் செலவை எழுதி வைத்தல் ஆகியவற்றை ஆண், பெண் இருபாலரும் கற்றிருத்தல் வேண்டும்.

எண்ணியது கிட்டாவிடில்

எவ்வளவு ஆயத்தமானாலும் எண்ணிய இடம் கிட்டாமல் போகலாம். அப்போது உலகமே முடிந்துவிட்டதாகத் தோன்றும். அத்தோற்றம் பொய். தேர்வில் தோல்வியுற்றோர் சில வாரங்களில் நடைபெறும் துணைத்தேர்வை எழுதி அதே ஆண்டில் கல்லூரியில் சேரலாம். பட்டயப் படிப்பை முடித்தோர் பொறியியலின் இரண்டாமாண்டில் நேரடியாகச் சேரலாம். செவிலியம், மருந்தியல், கால்நடை மருத்துவம் ஆகியவற்றின் மாநில ஒதுக்கீட்டு இடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே நிரப்பப்பட்டு வருகின்றன. இளங்கலையில் ஒரு துறையும் முதுகலையில் மற்றொரு துறையும் பயின்று உயர்ந்தோர் பலர்.

ஆகவே, பட்டியலில் இரண்டாம் வழியையும் மூன்றாம் வழியையும் முன்கூட்டியே எழுதி வைத்தல் வேண்டும். அவற்றைத் தோல்வியின் வழிகள் என்று பெற்றோர் இகழாதிருத்தல் அதனினும் வேண்டற்பாலது. தேர்வு முடிவு வெளிவரும் நாளில் பிள்ளைகள் முதலில் பார்ப்பது மதிப்பெண்ணை. அடுத்துப் பார்ப்பது பெற்றோரின் முகத்தை. மனச்சோர்வு மிகுந்தால் 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் ஆலோசனை பெறலாம். உதவி கேட்பது இழுக்காகாது.

நிறைவாக

இக்கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட வீட்டிற்கு மீண்டும் வருவோம். அதே பெண், அதே பெற்றோர், அதே வருவாய். பதினொன்றாம் வகுப்பில் ஒரு நாள் மாலை அவள், "அப்பா, எனக்குச் செவிலியர் படிப்பில் சேர விருப்பம். எவ்வளவு செலவாகும் என்று பார்ப்போமா?" என்று கேட்கிறாள். தந்தைக்கு விடை தெரியாது. ஆயினும் அவர் மறுநாள் பள்ளிக்கு வந்து ஆசிரியரைப் பார்க்கிறார். ஆசிரியர் சான்றிதழ்களைப் பற்றிக் கூறுகிறார். பெயரில் இருந்த முன்னெழுத்துப் பிழை அவ்வாண்டே திருத்தப்படுகிறது. செலவும் உதவித்தொகையும் ஒரு தாளில் எழுதப்படுகின்றன. ஈராண்டு கழித்து விண்ணப்பம் திறக்கும் நாளில், அவ்வீட்டில் எல்லாம் ஒரு கோப்பில் ஆயத்தமாக உள்ளன.

முன்பு சொன்ன வீட்டிற்கும் இவ்வீட்டிற்கும் உள்ள வேறுபாடு ஒரு மாலைப் பேச்சு. அப்பேச்சைத் தொடங்குவதற்கு உரிய காலம் இவ்வாண்டேயாகும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பாடப்பிரிவைக் கொண்டு சேரத்தக்க படிப்புகள் பத்தினைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் உரிய சேர்க்கை முறையைக் குறிப்பிடுக.

2. உங்கள் பிறப்புச் சான்றிதழ், ஆதார் அட்டை, பள்ளிப் பதிவேடு ஆகியவற்றில் பெயரும் தேதியும் ஒத்துள்ளனவா என்று பெற்றோருடன் சேர்ந்து ஒப்பிட்டுப் பார்க்க.

3. நீங்கள் விரும்பும் துறையில் பணியாற்றும் ஒருவரைச் சந்தித்து, அவருடைய ஒரு நாள் பணியைப் பற்றி ஒரு பக்க அளவில் எழுதி வகுப்பில் படித்துக்காட்டுக.